கொல்லைப்புறத்து ஊறல்

தம்பி, அந்தப் பையில இன்னா இருக்கு?

கோவிச்சுக்காதீங்க, சும்மாதான் கேட்டேன். பழக்கதோஷம். பாண்டிச்சேரியில இருந்து விழுப்புரம் போற பஸ்ஸுல ஒருத்தர் பையை மடியில வெச்சி இப்பிடிக் கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தா என் கண்ணு தானா அங்க போயிடும். துணியா? சரி, துணின்னா துணிதான். எல்லாரும் மொதல்ல துணின்னுதான் சொல்லுவாங்க. இல்ல இல்ல, உங்களைச் சொல்லல.

நான் மதுவிலக்குப் பிரிவுல இருந்து ரிடையர்டு. எஸ்.எஸ்.ஐ. தெய்வசிகாமணின்னு எங்க பக்கம் கேட்டுப் பாருங்க. சாராயம் காய்ச்சினவன் ஒவ்வொருத்தனும் சொல்லுவான். நல்லவிதமா சொல்ல மாட்டான், ஆனா சொல்லுவான். சவுக்குத் தோப்புக்குள்ள எங்க சாராய ஊறல் பொதைச்சி வெச்சிருந்தாலும் ரோட்டுல ஜீப்புல போகும்போதே சொல்லிடுவேன். மோப்ப நாய் கேக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல எழுதவே மாட்டாங்க. நான்தான் இருக்கேனேன்னு வுட்டுடுவாங்க.

என் பையா? நல்லா கேட்டீங்க. நான் கேட்டேன், நீங்க திருப்பிக் கேக்கறீங்க. என் பையில இருக்கறது பெயின்ட்டு. படம் வரையற பெயின்ட்டு. எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு. தனபாக்கியம்னு பேரு. நான் தனம்னு கூப்புடுவேன்.

ஒரு பொம்பள மேல அவ புருசனே சந்தேகப்படறது தப்புன்னு நீங்க நெனைப்பீங்க. நீங்க நெனைக்கிற மாதிரி சந்தேகம் இல்ல இது. சொல்றேன் கேளுங்க. விழுப்புரம் போறதுக்குள்ள முடிஞ்சிடும். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வருமா வராதா.

எங்க பொண்ணு கல்யாணமாகி ஓசூர் போயிட்டா. வூட்டுல நாங்க ரெண்டே பேரு. டவுன்ல பொம்பளைங்களுக்கு ஓவிய வகுப்பு நடக்குதுன்னு போயிச் சேந்தா. போகட்டுமேன்னு வுட்டேன். ஆயில் பெயின்ட்டு ஒரு பெட்டி நானே வாங்கிக் குடுத்தேன். அதுக்கு டர்பன்டைன் வேணும், பிரஷ்ஷு கழுவறதுக்கு. ஹால் பூரா அந்த வாசனைதான். எனக்குப் புடிக்கும் அந்த வாசனை. பெட்ரோல் பங்க்குல நிக்கிற மாதிரி இருக்கும். அவ வரைவா, நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிப்பேன். கொக்கு, பனைமரம், ஏரி இப்பிடித்தான் வரைவா. நல்லா இருந்துச்சான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. கொக்கு கொக்கு மாதிரி இருந்துச்சு.

போன ஐப்பசியில எனக்குச் சளி புடிச்சிது. சளிதான். மூச்சு கொஞ்சம் இழுத்துது. ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிட்டாங்க. டாக்டரு சின்னப் பையன். சிகரெட் குடிப்பீங்களான்னான். இல்லன்னேன். சாராயம் காய்ச்சற எடத்துப் பொகையில எல்லாம் நின்னிருக்கீங்களான்னான். அதான்யா என் வேலையேன்னேன். வூட்டுல இன்னா இன்னா வாசனை வரும்னு கேட்டான். சாம்பார் வாசனை வரும்னு சொன்னேன். பின்ன? கேக்கற கேள்வியா அது?

கேளுங்க தம்பி, இங்கதான் ஆரம்பிக்குது. அந்த டாக்டரு தனத்தை மட்டும் வராண்டாவுக்குக் கூட்டினு போனான். பேஷன்ட்டு நானு. எனக்குத் தெரியாம என் சம்சாரத்துக்கிட்ட இன்னா பேச்சு? கண்ணாடி வழியா பாத்துக்கினே இருந்தேன். அவன் பேசறான், இவ தலையை ஆட்டறா. அப்புறம் முந்தானையால கண்ணைத் தொடைச்சா. உள்ள வந்ததும் கேட்டேன், “இன்னாடி சொன்னான்? நான் போயிடுவேன்னுட்டானா?”

“சளிதாங்க. சரியாயிடும்னாரு.”

சளிக்கு எவளாவது அழுவாளா?

வூட்டுக்கு வந்த அதே வாரம் அந்த ஆயில் பெயின்ட்டுப் பெட்டியைக் காணோம். வகுப்புல யாரோ ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன்னா. ஏன்னு கேட்டா, “போரடிச்சிடுச்சிங்க.” ஆசை ஆசையா வெச்சிருந்த பெட்டி தம்பி. ட்யூபை எல்லாம் கடைசிச் சொட்டு வரைக்கும் பீச்சி எடுப்பா. அது போரடிச்சிடுச்சாம்.

அதோட வுட்டாளா? வெள்ளிக்கெழம சாம்பிராணி போடறதை நிறுத்திட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து போட்டவ. ஊதுபத்தி இல்ல. கொசுவத்தி இல்ல, கொசுவலை வாங்கிக் கட்டிட்டா. கொழம்பு தாளிச்சா ஜன்னல் கதவு எல்லாத்தையும் தொறந்து வெக்கறா. எனக்கு ஒண்ணும் புரியல. சாதாரணமா தப்பு பண்றவன் ஊதுபத்தியைக் கொளுத்துவான், வாசனையை மறைக்க. நான் பாத்திருக்கேன். இவ இருக்கற வாசனையை எல்லாம் வெரட்டறா. இது எந்த ரகம்?

காலையில நான் நடக்கக் கெளம்பும்போது சட்டைப் பையில ஒரு நீலக் குழாயைப் போட்டு வுடுவா. மூச்சுக்கு உறிஞ்சறது. இந்தா, இதான். வருசம் ஒண்ணாச்சு, நான் தொட்டதே இல்ல. ஆனா காலாவதி ஆனா புதுசு வாங்கிப் போட்டுடறா. மெடிக்கல்காரன் எங்க தூரத்துச் சொந்தம். ஏதாவது கமிஷன் இருக்குமோன்னு கூட நெனைச்சேன். எனக்கு எதுக்கு இது? அந்தச் சளியோட சரி. அப்புறம் ஒரு இருமல் கெடையாது. கல்லு மாதிரி இருக்கேன். தெனம் நடக்கறேன் இல்ல, அதான்.

டிக்கெட்டு வாங்கிட்டீங்களா? சரி.

அப்புறம் பாருங்க, மளிகை சாமான்ல மாத்தம். பொங்கல் முடிஞ்சி போச்சு, வெல்லம் வாங்கறா. பாயசம் வெச்சாளா? இல்ல. அதிரசம் சுட்டாளா? இல்ல. அப்ப வெல்லம் எங்க போவுது? நாட்டு மருந்துக் கடையில கடுக்காய் வாங்கறா. வெல்லம், கடுக்காய். நான் எந்த இலாகாவுல இருந்தவன்னு ஞாபகம் வெச்சிக்கோங்க. சாராய ஊறல்ல போடற இந்த ரெண்டையும் ஒருத்தன் சேத்து வாங்கினா அவனை வூடு வரைக்கும் பின்னாலயே போயிப் பாத்தவன் நான்.

வெங்காயத் தோலைக் குப்பையில போடறதில்ல, மாதுளம்பழத் தோலைக் காய வெக்கறா. பிரிட்ஜுல ஊறுகாய் பாட்டில்ங்க நெறைய. மஞ்சளா ஒண்ணு, செவப்பா ஒண்ணு, நீலமா ஒண்ணு. நீல ஊறுகாய் நீங்க பாத்திருக்கீங்களா? தொட்டா, “தொடாதீங்க”ன்றா. எருமைப்பால் தனியா வாங்கறா. காப்பிக்கு அந்தப் பால் இல்ல. எங்க போவுதுன்னு பாத்தா, ஒரு வெள்ளைத் துணியை அதுல முக்கி எடுத்துக் கொல்லையில காயப் போடறா.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல தம்பி. ஒரு நாள் மத்தியானம் கொல்லைக்குப் போறேன். குளியலறைக்குப் பின்னால, வூட்டை வுட்டு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, மண்ணுல பாதி பொதைச்சி ஒரு பானை. வாயில துணி கட்டியிருக்கு. கிட்ட போனேன். புளிச்ச வெல்ல வாசனை. குனிஞ்சி இன்னொரு தடவை மோந்து பாத்தேன்.

ஊறல். என் வூட்டுல.

வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்? எஸ்.எஸ்.ஐ. தெய்வசிகாமணி வூட்டுக் கொல்லையில ஊறல்னா, எங்கிட்ட அடி வாங்கினவன் எல்லாம் ஊர்வலம் வருவான். அவளைக் கேக்கலாம். கேட்டா இன்னா சொல்லுவா? எல்லாரும் சொல்றதைத்தான் சொல்லுவா, “எனக்குத் தெரியாதுங்க.” அதனால முறைப்படி செய்வோம்னு முடிவு பண்ணேன். எங்கூட வேலை பாத்த ஹெட் கான்ஸ்டபிள் கலியபெருமாளைக் கூப்புட்டேன். சாட்சி வேணும் இல்ல? அவ ரேஷனுக்குப் போயிருந்த நேரம் பாத்து ரெண்டு பேரும் எறங்கினோம்.

கலியபெருமாள் துணியை அவுத்து மோந்து பாத்தான். “அண்ணே, ஊறல் மாதிரிதான் இருக்கு. ஆனா இரும்பு வாடை வருதுண்ணே.” நான் கையை வுட்டேன். தம்பி, உள்ள பூரா துருப்புடிச்ச ஆணி. ஒடைஞ்ச கதவுக் கீலு. பழைய தாழ்ப்பாள். கலியபெருமாள் ரெண்டடி பின்னால போயிட்டான். “அண்ணே, இது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. செய்வினை.”

“செய்வினைக்கு எதுக்குடா வெல்லம்?”ன்னேன்.

“பேய்க்குப் புடிக்கும்ணே.”

அவன் அப்பிடித்தான். நான் பானையை ஒதைச்சேன். ஊறலைக் கண்ட எடத்துல அழிக்கணும், அதான் விதி. பழுப்புத் தண்ணி கொல்லை பூரா ஓடுச்சு. கை ஈரமா இருந்துச்சா, பக்கத்துல கொடியில காயற அந்த வெள்ளைத் துணியில தொடைச்சேன். தொடைச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், என் ரெண்டு கையும் அந்தத் துணியில கறுப்பா எழும்பி வருது. பழுப்புத் தண்ணிதான் தொடைச்சேன், கறுப்பா வருது! அஞ்சு வெரலும், உள்ளங்கை ரேகையும், எல்லாம். கலியபெருமாள் செருப்பைக் கூடப் போடாம ஓடிட்டான்.

நான் கொழாயடியில துணியைப் போட்டுத் தேய்க்கறேன், தேய்க்கறேன், போகல. அந்த நேரம் பாத்து அவ வந்துட்டா. அரிசிப் பையைக் கீழ வெச்சா. பானையைப் பாத்தா. என் கையில இருக்கற துணியைப் பாத்தா. கத்துவான்னு நெனைச்சேன். கத்தல.

“கறுப்பு மைங்க”ன்னா. “வெல்லத்துல இரும்பு ஊறினா வரும். கடுக்காயும் பாலும் ஏறின துணியில வெச்சா கறுப்பு. கடைச் சாமான் எதுவும் வேணாம்னுட்டு எல்லாம் நானா செய்யறேன். வெங்காயத் தோலு, மாதுளை, நீலத்துக்கு அவுரி. மத்த கலரெல்லாம் வந்துடுச்சு. கறுப்பு மட்டுந்தான் வரல. இந்தப் பானைதான் மொத தடவை சரியா வந்துது.”

“கடையில ஆயிரம் கறுப்பு விக்கிது. எதுக்குடி இந்த வேலை?”

“இது மண்ணுல ஊத்தினாலும் மண்ணு கெடாதுங்க. வூட்டுக்குள்ள வெச்சா வாசனையும் வராது.”

மண்ணு! பாருங்க தம்பி. குப்பை வண்டிக்காரன் மக்கற குப்பை, மக்காத குப்பைன்னு பிரிக்கச் சொன்னா திட்டறவ. அவளுக்குத் திடீர்னு மண்ணு மேல அக்கறை. நம்பற மாதிரி இருக்கா? எத்தனை பேரை விசாரிச்சிருக்கேன். பாதி உண்மை சொல்றவன் மொகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். “உண்மையான காரணத்தைச் சொல்லு”ன்னேன்.

அவ இன்னா சொன்னா தெரியுமா? “சொன்னா நீங்க ஒரே வார்த்தையில முடிச்சிடுவீங்க.”

இது வாக்குமூலமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் இல்லன்னா இப்பிடி ஒருத்தி பேசுவாளா?

அந்தத் துணியை எடுத்துக் காய வெச்சி, மடிச்சி, பீரோவுல பட்டுப்பொடவைக்கு அடியில வெச்சிக்கினா. நான் பாத்துட்டேன். என் கைரேகை தம்பி, ரெண்டு கையும், சுத்தமா. எதுக்கு அதை வெச்சிருக்கா? என்னைக்காவது ஒரு நாள் எடுத்துக் காட்டவா?

அன்னைக்கில இருந்து அவ வரையல.

பாட்டில்ங்களை எல்லாம் கழுவிக் கவுத்துட்டா. சண்டை போட்டா எனக்குத் தெரியும், நானும் போடுவேன். சண்டையும் இல்ல. பேசறா, சோறு போடறா, அந்த நீலக் குழாயை மறக்காம சட்டையில போடறா. சாயங்காலம் ஆனா வெறுங்கையை மடியில வெச்சிக்கினு உக்காந்திருக்கா. டீவி கூடப் போடறதில்ல. என்னால அதைப் பாக்க முடியல தம்பி. மேலதிகாரி திட்டினப்பக் கூட நான் தூங்கியிருக்கேன். அவ அப்பிடி உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல.

அதனாலதான் பாண்டிச்சேரி வந்தேன். நல்ல ஆயில் பெயின்ட்டா, பெரிய பெட்டியா, டர்பன்டைனோட வாங்கிக் குடுத்துடுவோம், பானையும் வேணாம் ஆணியும் வேணாம், பழையபடி ஹால்ல உக்காந்து கொக்கு வரையட்டும். சரிதானே?

கடையில ஒரு பொண்ணு. நான் கேட்டதை எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே? “சார், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத வகையும் இருக்கு, பாக்கறீங்களா?”ன்னுது. ஒரு பாட்டிலைக் காட்டுச்சு. மேல பச்சை இலை படம். நான் சிரிச்சிட்டேன். “பாப்பா, நாங்க புடிச்ச பாக்கெட்டுச் சாராயத்துல திராட்சைக் கொத்து படம் போட்டிருக்கும். உள்ள இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்”னேன்.

அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல. “கரெக்ட் சார். படத்தை நம்பாதீங்க. பின்னாடி என்னென்ன கலந்திருக்குன்னு எழுதியிருந்தா அதை நம்புங்க. எழுதலன்னா வாங்காதீங்க”ன்னுது. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. விக்கிறவ பேசற பேச்சா? அதனாலயே சந்தேகம் ஜாஸ்தியாச்சு. அடுத்து கேக்குது, “வீட்ல யாருக்காவது மூச்சுப் பிரச்சினை இருக்கா சார்? இருந்தா இந்த டர்பன்டைன் வேணாம். தண்ணியில கரையற கலர் தரேன்.”

வெல ஜாஸ்தியா இருக்கறதை நம்ம தலையில கட்டறதுக்கு ஒரு கேள்வி. “எங்க வூட்டுல யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. நான் கேட்டதைக் குடு”ன்னு வாங்கினு வந்துட்டேன்.

இருங்க, பஸ்ஸு ஏன் நிக்குது? ஓ, செக்போஸ்ட்டு. பையைக் கெட்டியாப் புடிச்சிக்காதீங்க தம்பி, அப்பதான் கேப்பாங்க.

வாப்பா, வா. இதா? பெயின்ட்டு. பாட்டிலா? டர்பன்டைன், பெயின்ட்டுல கலக்கறது. நானும் டிபார்ட்மென்ட்தான், தெய்வசிகாமணின்னு... கேள்விப்பட்டதில்லயா? பரவாயில்ல, நீ புதுசு. நம்பாத, யாரையும் நம்பாத, அதான் சரி. இரு, நானே தொறந்து காட்டறேன். மோந்து பாரு. ஆச்சா? போயிட்டு வா. நல்ல பையன், முகத்தைப் பாத்து ஏமாறல...

அய்யய்யோ. பஸ்ஸை எடுக்கும்போது இப்பிடியா குலுக்கறது? மூடி எங்க? மூடி தம்பி, கீழ பாருங்க. வேட்டி பூரா கொட்டிடுச்சு. ஒண்ணும் இல்ல, காஞ்சிடும். நல்ல வாசனைதான். எங்க ஹால்ல... எங்க ஹால்ல வருமே...

தம்பி. ஜன்னலு. ஜன்னலைத் தொறங்க.

இல்ல... சட்டைப் பையில... நீலமா... ஆங். அதான். மூடியை எடுங்க.

...

...

போதும். உக்காருங்க. கண்டக்டர்கிட்ட ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க. சரியாயிடும். பாட்டிலை மூடிட்டீங்களா? இறுக்கி மூடுங்க. மேல வெச்சிடுங்க, தூரமா.

ஒரு வருசமா வரல தம்பி இது.

கொஞ்சம் பேசாம இருங்க.

அந்த டாக்டரு வூட்டுல இன்னா வாசனை வரும்னுதான் கேட்டான், இல்ல? நான் சாம்பார்னேன். அப்புறந்தான் அவளைத் தனியா கூட்டினு போனான். அதே வாரம் பெட்டி போச்சு. சாம்பிராணி போச்சு. கொசுவத்தி போச்சு. பானையை வூட்டுக்குள்ள வெக்கல, கொல்லைக் கோடியில வெச்சா. இத்தனையும் நானே உங்ககிட்ட வரிசையா சொன்னேன். வரிசையாத்தானே சொன்னேன்? ஒரு புதுப் போலீஸ்காரன் இதைக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்திருந்தா, இன்னாடா கேஸ் இதுன்னு படிச்ச ஒடனே சொல்லியிருப்பேன்.

சொல்லியிருக்கலாம் இல்ல அவ? “உங்க மூச்சுக்கு ஆகல”ன்னு ஒரு வார்த்தை? ஏன் சொல்லல? இப்பவும் எனக்கு அது சந்தேகந்தான். சொன்னா நான் இன்னா பண்ணிடுவேன்?

...

“அப்ப வரையாத”ன்னு சொல்லியிருப்பேன்.

ஆமா. பேப்பர்ல இருந்து தலையைக் கூடத் தூக்காம சொல்லியிருப்பேன். அவ மறுபேச்சு பேசியிருக்க மாட்டா. அதான் தம்பி. வரையறதையும் வுட முடியல அவளால. என்னையும் வுட முடியல. வெங்காயத் தோலைப் பொறுக்கினு இருந்திருக்கா.

நான் பானையை ஒதைச்சேன்.

அது இன்னா ஊரு வருது, வளவனூரா? நான் இங்க எறங்கிக்கறேன். இல்ல, ஆஸ்பத்திரிக்கு இல்ல. நல்லா இருக்கேன். கடைத்தெருவுல வேலை இருக்கு. தம்பி, உங்க வூட்டுல யாருக்காவது மூச்சுப் பிரச்சினை இருக்கா? உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா அந்தப் பெட்டியை நீங்களே எடுத்துக்கோங்க. இருந்தா எடுக்காதீங்க, வரையற யாருக்காவது குடுத்துடுங்க. அந்தத் துணிப் பையில வெக்காதீங்க, துணி பூரா வாசனை ஏறிடும்.

இங்க பழைய இரும்புக் கடை ஒண்ணு இருந்துது, பஸ் ஸ்டாண்டு தாண்டி. துருப்புடிச்ச ஆணி எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஒரு மண்பானை. அப்புறம் வெல்லம், கடுக்காய். ரெண்டையும் ஒரே கடையில சேத்துக் கேட்டா அந்தக் கடைக்காரன் என்னை மேலயும் கீழயும் பாப்பான். பாக்கட்டும். “எதுக்குய்யா?”ன்னு கேப்பான். கேக்கட்டும்.

எங்க வூட்டுல ஊறல் போடறோம்னு சொல்லிடறேன்.